மாமி வெள்ளை பூசிய ஜீப்

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய ஜீப் வந்து நிற்கிறது. இரண்டாம் மாடித் தம்பி வாங்கியது. அதற்குப் புதுப் பெயின்ட் அடிப்பதா, ஒரிஜினலாகவே விடுவதா என்று அவருக்கும் மனைவிக்கும் சில வாரங்களாக வழக்கு. ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்ற நியாயமான அனுமானத்தில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார். நிறத்தை மாற்றினால் யாருக்கு அறிவிக்க வேண்டும், எதில் திருத்த வேண்டும் என்று முறையாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு வாகனத்துக்கு மனிதர்கள் ஏன் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு ஒழுங்குவிதி கிடையாது. சிறுவயதில் ஒருதடவை கண்முன்னே நடந்ததுதான் உண்டு.

என் மாமா நில அளவையாளராக இருந்தவர். அவர் ஓய்வுபெற்ற காலத்தில், அவரைக் காடுமேடெல்லாம் சுமந்த ஜீப்பும் ஏலத்துக்கு வர, அதை எடுத்துக்கொண்டு வந்து வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் எங்கள் ஒழுங்கையில் நிறுத்தினார். மாமா வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில்தான் நாங்கள் இருந்தோம். உப்புக் காற்றடிக்கும் அந்த ஒழுங்கையில் கேட், யன்னல் கம்பி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே நிறம்தான். ஜீப்பும் அதற்கு விலக்கல்ல. அது கடும்பச்சை என்பதை மாமாவின் வாக்கை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, இதுக்கு ஒரு பெயின்ட் அடிச்சால் என்ன? கோழிக்கூட்டுத் தகரம் மாதிரிக் கிடக்கு," என்பா மாமி.

"ஒரிஜினலிலை கை வைக்கிறேல்லை. உம்மட முகத்துக்கு நான் பெயின்ட் அடிக்கிறனே?" என்பார் மாமா.

மாமாவின் பெருமை அவருடைய கண். ஒரு மலையில் நின்றுகொண்டு எதிர்மலையில் நட்ட கொடியை வெறுங்கண்ணால் பிடித்தவர் என்பது குடும்ப வரலாறு. மூக்குக்கண்ணாடி மேசையில் குனிந்து எழுதும் கிளாக்கர்மாருக்கு வரும் வியாதி என்பது அவர் கட்சி. கண் டொக்டரிடம் போகச் சொன்னால், டொக்டரின் கண்ணைத் தான் பரிசோதிப்பதாகச் சொல்லுவார். ஆனாலும் அந்த நாட்களில் ஜீப் கேட்டுக்குள் நுழையும்போது தூணில் ஏதோ உரசும் சத்தம் அடிக்கடி கேட்கும். "கேட்டை ஒடுக்கமாய்க் கட்டிப்போட்டாங்கள்," என்று மேசனைத் திட்டுவார். மேசன் காலமாகி நெடுநாள். கேட்டும் முன்பிருந்த அதே கேட்தான்.

பள்ளிக்கூடத்துக்கு என்னை ஏற்றிப்போவதும் மாமாதான். பெருந்தெருவான காலி வீதியில் ஏறியதும் பரீட்சை தொடங்கும். "முன்னுக்கு வாற பஸ்ஸின்ரை நம்பர் என்ன, சொல்லு பாப்பம்." சொல்லுவேன். "லைட் பச்சையோ சிவப்போ?" சொல்லுவேன். "அந்தப் பொலிஸ்காரன் கையைக் காட்டுறானோ, காதைச் சொறியிறானோ?" அதையும் சொல்லுவேன். பிழைவிடாத நாளில் வாயில் போட ஒரு டொபி கிடைக்கும். வகுப்பில் கடைசி வாங்கிலிருந்த எனக்கு, உலகத்தில் நான் சித்தியடைந்த ஒரே பரீட்சை அதுதான்.

அந்தப் பெருமையை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிட்டேன். மாமா அப்போது முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். "நான் சிவப்பு எண்டு சொன்னால்தான் மாமா நிப்பாட்டுவார்," என்றேன். சொதி வார்த்துக்கொண்டிருந்த மாமியின் கரண்டி அப்படியே நின்றது. "நீ சொன்னால்தானோ?" என்றா. "ஓம் மாமி!" என்றேன். என் சோற்றில் இன்னுமொரு கரண்டி சொதி விழுந்தது.

வருடந்தோறும் மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு ரயிலேறுவார். அந்த முறை அவர் போன மறுநாளே மாமி வெள்ளைப் பெயின்டோடு வந்து இறங்கினா. பிற்காலத்தில் எத்தனையோ ஒப்பந்தக்காரர்களின் வேலையை மேற்பார்வை செய்திருக்கிறேன். மாமியின் ஒழுங்கு ஒருவரிடமும் இருந்ததில்லை. முதலில் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டா. துருவை வோட்டர் பேப்பரால் தேய்த்து, ஈரம் துடைத்து, அண்டர்கோட் பூசினா. தூசி ஒட்டாமல் பழைய சேலைகளை நனைத்துச் சுற்றிவரக் கட்டினா. ராகுகாலம் பார்த்தாவோ என்னவோ, கடற்காற்றைப் பார்த்தா. மத்தியானம் அது எழும்புமுன் தூரிகையைக் கீழே வைத்துவிடுவா. அடுத்த வீட்டு அய்யா மதிலால் எட்டிப் பார்த்து, "அவர் வந்து பேசப்போறார், பிள்ளை," என்றார். "பேசட்டும், அய்யா. பேச வாய் நல்லாத்தான் இருக்கு," என்றா மாமி.

மாமா திரும்பி வந்து கேட்டடியில் நின்றார். "இது ஆரின்ரை வண்டி?"

"உங்கட தான்."

"எல்லாத்தையும் விட்டிட்டு, வெள்ளையே? ஒரு சின்னக் கீறல் பட்டாலும் தெரியுமே!"

"ஓம். தெரியும்," என்றா மாமி. கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

ஒரு கிழமையோ என்னவோ மாமா அவவோடு கோபம் போட்டுத் திரிந்தார். ஜீப்பை மட்டும் வழக்கம்போல ஓட்டினார். ஒரு மாலை என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து இறக்கியவர், நான் இறங்கிய இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கதவில், என் ஆசனத்துக்கு நேரே, நீளமாக ஒரு சிவப்புக் கோடு. பஸ்ஸின் சிவப்பு. பச்சையும் துருவும் இருந்த காலத்தில் யாருடைய கண்ணிலும் பட்டிராது. மாமா குனிந்து, முகம் கதவில் தொடுமளவுக்குக் கிட்டப்போய், அதை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். கோடு முடிந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோட்டை அழிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சாவியை மாமியின் முன்னால் வைத்தார்.

"இனி நீர் இதை ஓடப் பழகும்," என்றார்.

"நீங்கள் பழக்கினால் பழகுறன்," என்றா மாமி. கண்ணைப் பற்றி அன்றும் ஒரு சொல் இல்லை. எனக்குத் தெரிந்து என்றைக்கும் இல்லை.

எல் போர்ட் தொங்க, மாமா பக்கத்தில் இருந்து அதட்ட, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமி ஓட்டப் பழகினா. லைசன்ஸ் கிடைத்ததும் பள்ளிப் பயணம் மீண்டும் தொடங்கியது. மாமி ஸ்டியரிங்கில், மாமா என்னுடைய பழைய இடத்தில், நான் பின்னால். எனக்குப் பெரிய மனவருத்தம். மாமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பரீட்சை நின்றது, டொபியும் நின்றது. வெள்ளை அடித்ததில் மாமாவுக்கு வந்த கோபம் என் தலையில் விடிந்ததாகவே நம்பினேன்.

முதல் நாள், பம்பலப்பிட்டியை நெருங்கும்போது, பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து கத்தினேன்: "முன்னுக்கு பஸ் நிக்குது! லைட் சிவப்பு!"

"தெரியுது, ராசா," என்றா மாமி.

மாமா முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சரியான விடையைத்தானே சொன்னேன், ஏன் டொபி தரவில்லை என்று பள்ளிக்கூடம் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.