மூன்று முறை திறந்த மூடி

1981 பெப்ரவரி 12, வியாழன், காலை 11.40. கந்தப்பளையில் மூடுபனி, விட்டுவிட்டுத் தூறல்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டெல்லாவின் சாப்பாட்டுக் கடை. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பதினெட்டு வருடம் சமைத்தவர். சீமைக்குத் திரும்பிய துரைசாணி கொடுத்துப்போன மின்சாரச் சட்டியில் விடியற்காலை முதல் ஐரிஷ் ஸ்டூ மெல்ல வேகிறது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், லீக்ஸ்; மிளகாய் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டுக்குத் தயார் என்கிறார்.

எனக்குப் பன்னிரண்டரைக்கு நுவரெலியா பஸ். அடுத்தது மாலை ஐந்துக்குத்தான். ஆகவே அவர் பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் மூடியைத் தூக்கி வெந்துவிட்டதா என்று பார்க்கிறேன். மூன்றாவது முறை பிடிபடுகிறேன்.

"ஐயா, கைய எடுங்க! ஒரு தரம் தொறந்தா சூடு போயி அரை மணி கூடிரும். எத்தன தரம் தொறந்தீங்க?"

"மூணு."

"அப்ப ஒன்றரைக்குத்தான் சாப்பாடு."

"பஸ் போயிருமேம்மா. வெந்த வரைக்கும் குடுங்களேன்."

"போகட்டுங்க. அரவேக்காட்ட நான் தொரைக்கே வச்சதில்ல, ஒங்களுக்கு வைப்பேனா?"

பஸ் போகிறது. சரியாக ஒன்றரைக்குத் தட்டு வருகிறது. கரண்டி பட்டதும் இறைச்சி எலும்பை விட்டு நழுவுகிறது. கிழங்கு கரைந்து சாறு கெட்டியாகியிருக்கிறது. ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்து என் முகத்தையே பார்த்து நிற்கிறார். நான் இன்னொரு தட்டு கேட்கிறேன்.

"தொரையும் இப்பிடித்தாங்க கேப்பாரு," என்கிறார், கடை முழுவதற்கும் கேட்கும்படி.

ஸ்டூ இரண்டு தட்டு முப்பது ரூபாய், நுவரெலியாவுக்கு வாடகை வேன் அறுபது. ஆக, தொண்ணூறு ரூபாய்.