தாஸின் கல்லறையில் யெகோவா

போன மாசக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே நின்று கத்திவிட்டேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள், கத்தாமல் என்ன செய்வது?

அம்பத்தூரில் எங்கள் தெருவில் இருக்கிற மெர்ஸியின் கணவர் தாஸ், கோடையில் இறந்துபோனார். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டியவர். ஜெபத்தை ‘யெகோவாவே’ என்றுதான் ஆரம்பிப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

அதனால் மெர்ஸி பூந்தமல்லியில் கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுத்தபோது, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்கிற பைபிள் சங்கீத வரியில் ‘கர்த்தர்’ வருகிற இடத்தில் ‘யெகோவா’ என்று வெட்டச் சொல்லிவிட்டார். சர்ச் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மீன்பாடி வண்டியில் கல் வந்தது. கல்லறைத் தோட்டத்து கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

“நம்ம பைபிள்ல கர்த்தர்னுதான் இருக்கு பிரதர். இது வீடு வீடா வந்து புஸ்தகம் குடுக்கறாங்களே வேற சபைக்காரங்க, அவங்க வழக்கம். இன்னைக்குக் கல்லுல விட்டா நாளைக்குப் பிரசங்க மேடைக்கே வந்துடும்” என்றார் கமிட்டி செக்ரெட்டரி.

எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கடவுளின் பெயர்தான். யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் ‘ஆண்டவர்’ என்று வாசித்தார்கள். நம்முடைய ‘கர்த்தர்’ அந்த வழியில் வந்தவர். இருக்கிற பெயரை மறைக்கலாமா என்று ஒரு கட்சி... மரியாதைக்காக மறைத்ததை ஏன் திறக்கிறாய் என்று ஒரு கட்சி. நல்ல விவாதம். டீ குடித்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பேசுங்கள். அதை ஏன் ஐயா புருஷனைப் பறிகொடுத்தவள் தலையில் கட்டுகிறீர்கள்?

இத்தனைக்கும் செக்ரெட்டரி வீட்டு கேட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘யெகோவாயீரே’! யெகோவா பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். அதைக் கேட்டேன்.

“அது வீட்டுப் பேரு பிரதர்... இது வேற” என்றார்.

இங்கேதான் கத்தினேன்.

மெர்ஸியின் கவலையோ வேறு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. தாஸைப் புதைத்த மண் மேடு பாதியாகிவிட்டது.

“மண்ணு கரைஞ்சிகினே போவுதுண்ணே. கல்லு வெக்கலைன்னா அவரு எங்க கீறாருன்னே தெரியாம பூடும். சாமி பேர இன்னா வேணா வெச்சிக்கட்டும். அவரு எடம் போச்சுன்னா நான் எங்க போயி அழுவேன்?”

என் கத்தலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் சம்மதம் என்றார்கள். மெர்ஸி உடனே சரி என்றுவிட்டார். உளி வைத்துக் கொத்தி எடுத்தார்கள். கர்த்தரும் இல்லை, யெகோவாவும் இல்லை. தாஸின் பெயர் மட்டும் மிஞ்சியது.

கல்லறைத் திருநாளும் வந்தது. போதகர் ஒவ்வொரு கல்லறையாக நின்று ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். செக்ரெட்டரி குடை பிடித்தார். தாஸின் கல்லை மெர்ஸியின் சாமந்தி மாலை மறைத்திருந்தது. “எங்கள் அருமைச் சகோதரர்...” என்று ஆரம்பித்த போதகர், அப்படியே நின்று செக்ரெட்டரியைப் பார்த்தார். செக்ரெட்டரி மெர்ஸியின் பக்கம் குனிந்தார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?”

அந்தக் கல்லுக்காக மீட்டிங் மேல் மீட்டிங் போட்ட மனுஷன்!