ஒரே குரலில் என் மகள்

போன கார்த்திகையில் ஒரு காலை எழுந்தபோது என் இடது காதில் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தினால் வருமே, அந்த மந்தம் மட்டும் இருந்தது. சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் இதை எழுதித் தருகிறேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் கிராமம். வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பாட்டு வராது. நான்கைந்து வயதில் மிக்ஸி ஓடினால் அதே சுருதியில் நானும் முனகுவேனாம். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், விரல் தானாகப் போய் உட்காரும். மூச்சு விடுவதைப் போல அது என்னோடு இருந்தது. அதற்காக ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை.

தஞ்சாவூரில் காது டாக்டரம்மா பார்த்துவிட்டு, "உடனே வந்தது நல்லதும்மா. மாத்திரை தர்றேன். திரும்பக் கேக்கலாம், கேக்காமலும் போகலாம். மனசைத் தேத்திக்குங்க" என்றார்.

பத்து நாளில் சத்தம் திரும்பியது. சந்தோஷத்தில் கீபோர்டைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினேன். இரண்டு சுரம் கேட்டது. வலது காதில் சரியான சுரம். இடது காதில் அதைவிடச் சற்று ஏறிய இன்னொன்று. சாயங்காலம் என் மகள் ஷீபா ஸ்கூல் விட்டு வந்து "அம்மா" என்றாள். இரண்டு பெண்கள் கூப்பிட்டார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி யாரென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மார்கழி முழுவதும் கனவுக்குள் நடப்பது போலிருந்தது. பனியில் வயல் தெரியாது. வாய்க்கால் தண்ணீர், பஸ் ஹாரன், கொக்குகளின் சத்தம், எல்லாம் இரட்டை இரட்டையாக மிதந்து வந்தன. கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டு தொடங்கியதும் தாங்க முடியாமல் வெளியே போய்விட்டேன். வீட்டில் பிள்ளை பேச வந்தால் இடது காதைப் பொத்திக்கொள்வேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "என் மேல கோவமாம்மா?"

அன்று மத்தியானம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, பாட்டு வேணாம். வாசிக்கிறதும் வேணாம். எம்பிள்ளை ஒருத்தியா கூப்பிடணும், அது போதும்." பிறகு என்ன தோன்றியதோ, பிறந்ததிலிருந்து அவர் எனக்குத் தந்திருந்த காதுக்கு முதன்முதலாக நன்றி சொன்னேன். அந்தக் காதால் நான் கேட்டு மகிழ்ந்த ஒவ்வொரு சத்தத்தையும் நினைத்து நினைத்துச் சொன்னேன். வெயில் சாயும்வரை அது முடியவில்லை.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. தினமும் போய் அதையே சொன்னேன். இரண்டு சுரமும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவது போலிருந்தது. ஆசையில் அப்படித் தோன்றுகிறது என்று இருந்துவிட்டேன்.

மாசியில் எங்கள் வயல் அறுவடை. மெஷின் போனதும் நானும் என் கணவரும் தார்ப்பாயில் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தோம். ஷீபா தூக்குவாளியோடு வரப்பில் வந்தாள்.

"அம்மா! டீ!"

ஒரே குரல்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றேன்.

"ஏம்மா?"

"சும்மா கூப்பிடேன்டி."

கூப்பிட்டாள். மறுபடி மறுபடி கூப்பிடச் சொன்னேன். அப்படியே நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் பதறி ஓடிவந்தார். "என்னாச்சு, தலை சுத்துதா?"

"இல்லங்க. ஒருத்திதாங்க கூப்பிடுறா."

அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

மருந்தா, ஜெபமா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த டாக்டரம்மாவுக்காகவும் நான் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். இடது காதில் இன்னும் மெல்லிய இரைச்சல் ஒன்று உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஈஸ்டர் ஆராதனையில் மறுபடி வாசித்தேன். இப்போதெல்லாம் காலையில் தையலுக்கு உட்காரும் முன் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன். காதில் விழுகிற எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறேன்.

உங்களுக்கும் ஏதோ ஒரு பாரம் இருக்கலாம். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வார்த்தை வரவில்லை, அழத்தான் வருகிறது என்றால் அழுங்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அதையும் அவர் கேட்டார்.