லயத்து வீடும் என் இங்கிலீஷ் கடிதமும்

இங்கிலீஷில் வியாபாரக் கடிதம் எழுதப் படிக்கிறவர்களுக்கு ஒரு தனி வியாதி பிடித்துக்கொள்ளும். அம்மா "சாப்பிட வா" என்று கூப்பிட்டால்கூட, பரவாயில்லையே, முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாளே என்று மனம் மதிப்பெண் போடும். இதே படிப்பைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரிங்லெட் என்கிற சின்ன மலை டவுனுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறேன். போன வருஷம் எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று இந்தக் கடிதப் பாடம். இன்னொன்று எங்கள் வீடு. அப்பா தோட்டத்துக் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். அவருக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்து வேலையாட்கள் கணக்கில் இருக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம். அம்மா முட்டிவலி வந்து கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டாள். அண்ணன் ஜொகூரில் ஃபேக்டரி வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். மிச்சம் இருப்பது நான். நானோ கோலாலம்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் எப்போது நுழைவோம் என்று கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தவள்.

புகார் எழுதத் தெரியாதவள்

வகுப்பில் முதல் பயிற்சி புகார்க் கடிதம். வாங்கிய பிரிண்டர் ஓடவில்லை, விற்ற கம்பெனிக்கு எழுது என்றார் எங்கள் விரிவுரையாளர். மலாய்க்காரப் பெண்மணி. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். எல்லாரும் மளமளவென்று எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் தோட்டத்தில் மேலே இருப்பவர்களுக்கு யாரும் புகார் எழுதி நான் பார்த்ததில்லை. கூரை ஒழுகினாலும் "ஐயா தயவுபண்ணி" என்றுதான் ஆரம்பிக்கும். வானத்திலிருந்து கொட்டுவது ஐயாவின் தவறு இல்லை என்று வேறு ஒரு வரி இருக்கும்.

அதே பழக்கத்தில் எழுதினேன். தொந்தரவு தருவதற்கு முதலில் ஒரு மன்னிப்பு. பிரிண்டரை எங்களுக்கு முடுக்கத் தெரியாமலும் இருக்கலாம் என்று நடுவில் ஒரு மன்னிப்பு. உங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொண்டதற்குக் கடைசியில் ஒன்று. மேடம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி அவர் இங்கிலீஷில் சொன்னதன் தமிழ் இதுதான்: "மாலினி, இதைப் படித்தால் நீ பிரிண்டரை வாங்கின மாதிரி தெரியவில்லை, பிரிண்டர் உன்னை வாங்கின மாதிரி இருக்கிறது."

கோபம் எங்கே?

விடுமுறையில் பக்கத்து ஊரான கோலா தெர்லாவில், அப்பாவுக்குத் தெரிந்த சேகர் அண்ணனின் செவ்வந்தித் தோட்டத்தில் வேலைக்குப் போனேன். ஆபீஸ் வேலை என்றுதான் சொன்னார். பூக்கட்டிப் பெட்டி அடுக்குகிற கொட்டகையின் மூலையில் ஒரு மேசை, அதுதான் ஆபீஸ். சிங்கப்பூருக்குப் பூ போகும். ஒருநாள் வாங்குகிற கம்பெனி அனுப்பின லோரி நேரம் கழித்து வந்து, பெட்டிகள் வெயிலில் கிடந்து, பூவெல்லாம் வாடிப்போயிற்று. கடைசியில் பூ சரியில்லை என்று அந்தக் கம்பெனியே குறை சொல்லிவிட்டது. சேகர் அண்ணன் குதித்தார். "எழுது மாலினி, நல்லாச் சூடா எழுது!"

நான் மேடத்தின் மாணவி. முதலில் நீண்டநாள் உறவைப் பாராட்டி, பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லி, இனி இப்படி நேராதிருக்க வழி கேட்டு, அழகாக முடித்தேன். இந்தத் தடவை ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. சேகர் அண்ணன் தமிழில் விளக்கச் சொன்னார், விளக்கினேன். "இதுல நான் கோவமா இருக்கேன்னு எந்த எடத்துல இருக்கு?" என்றார். 'கவலையடைந்துள்ளோம்' என்ற வரியைக் காட்டினேன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றையும் கலந்து அவர் கத்திய கத்தலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் பையன்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முகம் சிவந்து திரும்பி வந்தவர், ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "திட்டு போய்ச் சேந்துருச்சு. இப்ப நீ ஒன் மரியாதைய அனுப்பு லா."

நாயைப் பற்றி எழுது

அந்த மாதம்தான் அப்பா ஓய்வுபெறும் தேதி தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்தது. வீட்டை எப்போது ஒப்படைப்பது என்பதும் அதிலேயே இருந்தது. அம்மா என்னைத் தேடி வந்தாள். "நீதானே லெட்டர் எழுதுற படிப்பு படிக்கிற. எழுது." நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று: என் படிப்பு முடியும்வரை எங்களை இருக்க விடுங்கள். அது முடிந்ததும் நான் கோலாலம்பூரில் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவேன், இவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். இதுதான் என் கணக்கு. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கோலாலம்பூர் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம். மலை சரிந்து ரோடு அடைபட்டபோது அப்பா லோரியை விட்டுவிட்டு நடந்தே கொழுந்துக் கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தது, முந்தின துரையின் நாய்க்கு நோய் வந்தபோது அதை மடியில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவரை போனது, எல்லாம் வரவேண்டும். மானேஜர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அவர் இன்னும் துரைதான். நான் மலைச்சரிவை ஒரு வரியில் சேர்த்துக்கொண்டேன். நாயை விட்டுவிட்டேன். ஒரு பக்கத்துக்குமேல் போகக் கூடாதும்மா, மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டு அம்மா சொன்னாள்: "நீ ஒரே பக்கத்துல கேட்டுட்டா, அவங்களுக்கு ஒரே வரியில இல்லன்னு சொல்லச் சுலுவாப் போயிரும்டி."

நேரே போன கடிதம்

முடிவெடுக்கிற ஆளுக்கே எழுது, இடையில் இருப்பவர்களுக்கு எழுதி நேரத்தை வீணாக்காதே. இதுவும் வகுப்பில் படித்ததுதான். தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்து வளைவில் மட்டும்தான் எங்களுக்குப் போனில் சிக்னல் கோடு நன்றாகக் கிடைக்கும். அங்கே போய் நின்று துரைக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு பதில் வந்ததா என்று பார்க்க அந்த வளைவுக்கு நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. காலையில் போவேன், சாயங்காலம் போவேன், மழையில் குடையோடு போவேன். யாரையோ பார்க்கத்தான் போகிறேன் என்று லயத்தில் பேச்சுக்கூடக் கிளம்பியது. இருப்புக்கொள்ளாமல் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்குப் பயிற்சி வேலை கேட்டும் அங்கிருந்தே விண்ணப்பம் போட்டுவைத்தேன். இப்போது இரண்டு பதிலுக்குக் காத்திருப்பு. சேகர் அண்ணன் கொட்டகையில் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "அந்தப் போனுக்கு வாயிருந்தா அழுதுரும் லா, கீழ வை."

பதில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் எதுவும் துரைக்கு நேரே போகாது. கல்யாணத்துக்கு லீவு வேண்டுமென்றாலும் காலைப் பெரட்டில் ஆள் கூடும்போது கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்வார், கிராணி பார்த்துப் பக்குவமாகத் துரையிடம் கொண்டுபோவார். ஆபீஸ் முழுவதும் கிராணியின் கையில்தான். என் கடிதத்தைத் துரை, இது என்ன விஷயம் என்று கேட்டு அவருக்கே அனுப்பிவிட்டாராம். கிராணி அதைத் தொடவே இல்லை. காலையில் அப்பா வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாராம். அப்பா என்னிடம் குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். அன்றைக்கு உயர்த்தினார். "இருவது வருசமா அந்த மனுசன் முகத்துலதான் நான் முழிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பக் கூடாதா நீ?"

கிராணி மாமா

மறுநாள் கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கிராணியை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். எந்த மழையிலும் சட்டைக்கு மேலே ஸ்வெட்டர், பையில் இரண்டு பேனா. உட்காரச் சொல்லவில்லை. "வர்ற துரைக்கெல்லாம் இந்தத் தோட்டம் என்னான்னு சொல்லிக் குடுத்தவன் நான். என்னயத் தாண்டிக் கடுதாசி போடுறியா நீ?" என்றார். பிரிண்டர் கம்பெனியிடம் கேட்ட மன்னிப்பையெல்லாம் சேர்த்து அவரிடம் கேட்டேன். இந்தத் தடவை அது வேண்டியிருந்தது.

பிறகு கடிதத்தை வாங்கி வாசித்தார். பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் மெதுவாக வாசித்தார். எங்காவது திருத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். முத்திரை குத்தித் துரையின் தட்டில் வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "இத நீயே எழுதுனியா, இல்ல போனுக்குள்ள இருக்குற மெசினு எழுதிக் குடுத்துச்சா?"

நடுப்பத்தி

ஒரே வாரத்தில் இரண்டு பதிலும் வந்தன. முதலில் கோலாலம்பூர்: பயிற்சிக்கு வா, வேலை பிடித்திருந்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே இருக்கலாம். கோயில் வளைவில் நின்று வாசித்தேன். குதிக்கலாம் போல இருந்தது, ரோட்டில் ஆள் இருந்ததால் குதிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா லோரியிலிருந்து இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். துரையின் பதில். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். உங்கள் மகள் படிப்பு முடியும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த பத்தியில் என் வாய் நின்றுவிட்டது. கெட்ட செய்தியை நடுவில் வை என்று மேடம் சொல்லித்தந்தது துரைக்கும் தெரிந்திருக்கிறது போல. அவரைப் பொறுத்தவரை அது நல்ல செய்திதான். எங்கள் தலைமைக் கிராணி அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார், இந்தக் கடிதம் எழுதியவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம், அவர் பெயரில் வீடும் தொடரும். அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மனசு வரவில்லை. சொன்னேன். அம்மா முட்டிவலியை மறந்து எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். "எம்மக கிராணியாகப் போறா!" என்று அவள் சொல்வது இங்கே கேட்டது. நான் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இவர்களுக்குச் சாகிறவரை வீடு உண்டு. உட்கார்ந்தால் நான் இந்த மலையைவிட்டு இறங்கவே மாட்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையிலிருந்த போனையும் பார்த்தார். கோலாலம்பூர் விஷயத்தைச் சொன்னேன். ரிங்லெட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றார், ஏதோ காய் வாங்கப் போவதைப்போல. எழுந்து லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு நல்ல லெட்டர் எழுதும்மா. இந்தத் தடவ கிராணி வழியா அனுப்பு."

முடியாது என்று ஒரு நல்ல லெட்டர்

எழுதினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் போட்டுவிட்டுப் போவாள். அந்த இரண்டு நாளில் எழுதியதுதான் என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக எழுதிய கடிதம். துரைக்கு நன்றி, தோட்டத்துக்கு நன்றி, ஏன் வர இயலவில்லை என்று மறைக்காமல் ஒரு பத்தி. அழுதுகொண்டே எழுதினேன், ஆனால் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டேன். மேடம் பார்த்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

கிராணி மாமா இந்தத் தடவை உட்காரச் சொன்னார். வாசித்தார். முத்திரையைக் கையில் எடுத்தவர் குத்தாமல் அப்படியே வைத்திருந்தார். கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, துரையிடம் தானே பேசி, நான் படிப்பு முடித்து வந்து சொல்லும்வரை அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்க ஏற்பாடு செய்யப்போவதாகச் சொன்னார். அப்படி வேண்டாம் மாமா, நான் கோலாலம்பூர் போகிறேன் என்றேன். அவர் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டார். "வரமாட்டேங்குறதயே இவ்ளோ அழகா எழுதுறவள விட்டுட்டு, நான் யாரப் புடிச்சு இங்க ஒக்கார வைப்பேன்?"

நல்ல கடிதம் எழுதக் கற்றுக்கொண்டால் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்; எழுதினது நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஊர் என்னை விடமாட்டேன் என்கிறது.