எங்கேருந்து எண்ண ஆரம்பிச்ச?

கீழே கஃபேயில் ரொட்டி வேகும் வாசனை... மடியில் சூடேறிய பழைய லேப்டாப். எம்.எஸ்சி. கடைசி வருடம். ஊருக்குப் புதியவள், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன்.

ப்ராஜெக்டில் கலாவும் நானும் ஜோடி. ஒரே என்சைம், பல உயிரினங்களிலிருந்து. என்சைம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; ஒவ்வொரு அமிலத்துக்கும் ஓர் எழுத்து. அந்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் எழுத்துதான் முக்கியமானது. சாஃப்ட்வேரில் அதைத் தேடுவது என் வேலை. லேபில் அதை மாற்றிப் பார்ப்பது கலாவின் வேலை. மாற்றினால் என்சைம் படுத்துவிட வேண்டும்.

142-வது எழுத்து என்று எழுதிக் கொடுத்தேன்.

என்சைம் படுக்கவில்லை. ஜம்மென்று வேலை செய்தது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அதே கதை. எனக்கு ஒரே குழப்பம். திரும்பத் திரும்ப ஓட்டினேன்... 142, 142.

"என் கைதான்டி சரியில்ல" என்றாள். இரண்டு மாத உழைப்பு, கண் கலங்கியிருந்தது. நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய பௌர்ணமிக்குக் கிரிவலம் கூப்பிட்டாள். மலையைச் சுற்றும் பாதையில் எட்டு லிங்கங்கள். "நாலாவது லிங்கத்துகிட்ட நில்லு, வந்துடறேன்."

சாயங்காலம் அறையிலிருந்து இறங்கினேன். எம லிங்கம் ஒன்று... எண்ணிக்கொண்டே போய் வாயு லிங்கத்தில் நின்றேன். கூட்டத்தில் போன் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"நிருதி லிங்கத்துல நின்னு நின்னு காலே போச்சு. எங்கேருந்துடி எண்ண ஆரம்பிச்ச?"

"என் ரூம்லேருந்து."

"எல்லாரும் கோயில்லேருந்துதான எண்ணுவாங்க."

எனக்குத் திக்கென்றது. அடுக்கும்போது எழுத்துகள் நேராக அமைய, சாஃப்ட்வேர் நடுநடுவே வெற்றுக் கோடுகள் போடும். அந்தக் கோடுகளையும் சேர்த்து எண்ணித்தான் நான் சொன்ன 142; கலா கையிலிருந்த என்சைமில் கோடுகளே கிடையாது. மறுநாள் கோடுகளைக் கழித்துப் பார்த்தேன்... 119. கலா மாற்றியது யாருக்கும் வேண்டாத ஓர் எழுத்தை.

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் கை நல்லாதான் இருக்கா?"

119-ஐ மாற்றிப் பார்க்க நேரம் இல்லை. வைவாவில் தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்னைத் திட்டவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது எல்லாம் ஒரு க்ளிக். நம்பரையும் அதுவே சரிசெய்து, கலர் அடித்துக் காட்டிவிடுகிறது. ஆனாலும் லேபுக்கு ஒரு நம்பர் அனுப்பும் முன் முதல் எழுத்திலிருந்து விரல் வைத்து எண்ணுகிறேன். ஜூனியர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். தப்பாக எண்ணினால், அந்தப் பக்கம் ஒருத்தி தன் கையைத்தான் சந்தேகப்படுவாள்.