விடுபட்ட வரி

எட்டு வருடம் வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாவலூரில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. மெதுவாக ஓடிய ஒரு புரோகிராமின் கனமான பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி இணைக்கச் சொன்னார்கள். எப்படி இணைப்பது என்று, அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்த கம்ப்யூட்டர் மொழியின் இணைய ஆவணத்தில் உதாரணங்கள் இருந்தன. ஒன்றை அப்படியே எடுத்து ஓட்டினேன். நாலைந்து முறை ஓடும், பிறகு செத்துவிடும்.

இரண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டேன். உலகமே படிக்கிற பக்கத்தில் பிழை இருக்கும் என்று தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் பக்கத்து இருக்கைப் பெண், வண்டலூரிலிருந்து வருபவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு வரிவரியாகப் படித்தாள். புரோகிராமுக்குள் ஒரு பொருளை, அதாவது ஒரு தரவை, எத்தனை இடத்தில் பயன்படுத்துகிறோம் என்று அந்த மொழி எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் பொருளை அழித்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டும் வரி உதாரணத்தில் விடுபட்டிருந்தது, அதனால் பயன்பாட்டில் இருக்கும்போதே பொருள் அழிந்துபோனது.

“அக்கா, நீங்க கரெக்டாதான் பண்ணியிருக்கீங்க. தப்பு அந்த உதாரணத்துலயே இருக்கு. அவங்களுக்கு எழுதிப் போடுங்க.”

என் ஆங்கிலத்தை நினைத்துக் கூச்சப்பட்டேன். அவளே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. விடுபட்ட வரியைச் சேர்த்து நான் அனுப்பி முடிக்கும்வரை எழுந்தும் போகவில்லை.

ஆவணத்தைப் பராமரிப்பவர் எந்த ஊர்க்காரர் என்று இன்றுவரை தெரியாது. பிழை உண்மைதான், ஆனால் நீங்கள் சேர்த்த வரி கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது, வேலை பாதியில் தடைபட்டால் எண்ணிக்கை குறையாமல் அந்தப் பொருள் அழியாமலே தங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். தானே மாற்றிவிடாமல், நான் திருத்தி அனுப்பக் காத்திருந்தார். ஏற்றுக்கொண்ட பிறகு, மற்ற உதாரணங்களையும் வெகுகாலமாக யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, உங்களால் முடியுமா என்று கேட்டார். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

பொழிச்சலூர் வீட்டில், சனிக்கிழமை காலைகளில் கணவர் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போகும் நேரத்தில், ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒன்றில் செமிகோலன் இல்லை. இன்னொன்றில் எங்குமே அறிவிக்காத ஒரு வேரியபிள். ஏர்போர்ட் பக்கம் என்பதால் விமானம் தாழப் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். பதினொன்றைத் திருத்தினேன்.

அதற்குள் அந்தப் பெண் வேறு கம்பெனிக்குப் போயிருந்தாள். கடைசித் திருத்தம் ஆவணத்தில் ஏறிய அன்று அவளுக்கு போன் செய்து, அன்றைக்கு நீ இல்லையென்றால் வேலையையே விட்டிருப்பேன் என்றேன்.

“அப்படியாக்கா? எனக்கு ஞாபகமே இல்லியே,” என்றாள்.

பரவாயில்லை, எனக்கு இருக்கிறது என்றேன்.