கால்மாட்டுச் சுவரில் டிவி

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை. வாதம். பேச்சு போகவில்லை என்று டாக்டர் சொன்னார். முயற்சி செய்தால் வரும். அவள் முயற்சி செய்யவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தண்ணீர் கேட்டாள். வாய் கோணி, சொல் குழறி வந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சிரித்திருக்க மாட்டாள். ஆனால் அன்றோடு என் மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த தமிழ் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அங்கிள், அவங்க சும்மா கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கக் கூடாது. பாக்கறதுக்கு, கேக்கறதுக்கு ஏதாச்சும் இருக்கணும். இப்படியே விட்டா பேச்சு அடங்கிப்போயிடும். அப்புறம் வராது."

எனக்கு அப்போது கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. காலை ஆறு மணிக்கு ஆட்களை ஏற்ற லாரி வந்துவிடும். திரும்ப மாலையாகும். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர்தான் மதியம் வந்து கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அவள் தனியாகக் கிடந்தாள்.

சிங்கப்பூர் தோ பாயோவில் மூன்றறை வீடு. கட்டிலை ஹாலில் போட்டிருந்தேன். டிவி இருந்தது. ஆனால் தாழ்வான பெட்டிமேல் இருந்தது. அவளால் தலையைத் தூக்க முடியாது. தலையணையை உயர்த்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரிந்து கீழே போய்விடுவாள். படுத்தபடி பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது கட்டிலின் கால்மாட்டுப் பலகை மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனேன். டீ குடிக்க உட்கார்ந்த கடையில் டிவியை இரும்புச் சட்டத்தில் வைத்துக் கூரைக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். குத்துச்சண்டை ஓடியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கழுத்து வலித்தது. இது உட்கார்ந்து பார்க்கிறவனுக்குச் சரிப்படாது, படுத்திருப்பவளுக்குத்தான் சரிப்படும் என்று தோன்றியது. டீயை முழுதும் குடிக்கவில்லை. எழுந்து போய் அந்தச் சட்டத்தின் அடியில் நின்று எத்தனை போல்ட் போட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

பட்டறையில் கழித்துப் போட்ட ஆங்கிள் இரும்பு கிடந்தது. சீன ஃபோர்மனிடம் கேட்டேன். எதற்கு என்றான். மனைவிக்கு என்றேன். எடுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் போய்விட்டான். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் வெல்டிங் வைத்தேன். டிவி முன்பக்கம் சரிந்து நிற்கிற மாதிரி பின்னால் உயரம் கொடுத்தேன். முன்னால் விழாமல் இருக்க ஒரு பட்டை.

அவளுடைய தம்பி கல்யாண வீடுகளுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் மைக் செட் கட்டுகிறவன். வாய் ஓயாது. சட்டத்தைப் பார்த்தான்.

"அத்தான், இதுல டிவி என்ன, மாட்டையே கட்டலாம்."

"போல்ட் வாங்கிட்டு வா."

"டிவி மட்டும் பத்தாது. அக்கா தியேட்டர்ல படம் பாத்தவங்க. சத்தம் சுத்தி வரணும். நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் மாட்டிடறேன்."

"இது கல்யாண மண்டபம் இல்ல மாப்ளே."

"மண்டபத்துக்கே நாலுதான் மாட்டுவேன் லா. பேசாம இருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். அவள் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி மாட்ட ஹாலில் இரண்டு சுவர்தான். ஒன்று படுக்கையறைப் பக்கம். மச்சினன் தட்டிப் பார்த்தான். பொள்ளென்று கேட்டது. உள்ளே ஓட்டைக் கல். கலர் டிவியின் கனத்துக்குப் போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று மாக்சிக் வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். முழுக் கான்கிரீட். அதில் மாட்டுவது என்று முடிவு செய்தோம்.

டிரில் போட ஆரம்பித்ததும் மாக்சிக் வாசலில் வந்து நின்றார். அவர் பேசுவது மலாய்.

"என் வீட்டுக்குத்தான் வாசல் இருக்கே. எதுக்குச் சுவர் வழியா வர்றீங்க?"

"டிவி மாட்டறோம், மாக்சிக்."

"மாட்டு, மாட்டு. முள்ளங்கிக் கறி கொதிக்குது. அதுல மண் விழாம மாட்டு."

நான்கு ஓட்டை போட இரண்டு மணி நேரம் ஆனது. கான்கிரீட் அப்படி. தோள் விட்டுப்போனது. சட்டத்தை ஏற்றி, அதில் டிவியைத் தூக்கி வைத்தோம். மச்சினன் மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர் பெட்டிகளை மாட்டி, பழைய ஆம்பிளிஃபையரில் ஒயரைக் கொண்டுவந்து சேர்த்தான்.

அவள் தலை அதுவரை அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. இப்போது டிவி அவள் தலைக்கு மேலே வந்துவிட்டது. குறுக்கே போட்டால் சமையலறைக்கு வழி இல்லை. ஆகவே கட்டிலைத் திருப்பினோம். தலை இருந்த இடத்துக்குக் கால் வந்தது. அவளை நான் தூக்கிக்கொண்டு நின்றேன், மச்சினன் கட்டிலைச் சுற்றினான். திரும்பப் படுக்க வைக்கும்போது அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடவே இல்லை. பித்தான் அறுந்து விழுந்தது. கீழே போட்டுவிடுவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன்.

"போட மாட்டேன். விடு" என்றேன்.

டிவியைப் போட்டோம். நல்ல படம். நேராக அவள் கண்ணுக்கு வந்தது. சத்தம் நான்கு பக்கமும் வந்தது. அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். நான் வேலை முடிந்து வந்து குளிப்பாட்டி, ஊட்டி, டிவியைப் போடுவேன். அவள் கண்ணை மூடுவாள். மினுமினுப்பு கண்ணைக் கூசுகிறதோ என்று வெளிச்சத்தைக் குறைத்தேன். சரிவு போதவில்லையோ என்று சட்டத்தின் பின்னால் இன்னொரு கட்டை கொடுத்தேன். டிவியை இறக்கி ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். மச்சினன் மூன்று தடவை வந்தான். ஸ்பீக்கரை இடம் மாற்றினான். தேக்காவில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து வந்து போட்டான். அவள் சிறுவயதில் விரும்பிப் பார்த்த படமாம். கண்ணை மூடியே கிடந்தாள்.

"அக்கா, எனக்காகக் கொஞ்சம் பாரேன்" என்றான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான்.

எனக்கும் அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதாவது யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்ப்பாள். இப்போது அதுவும் இல்லை. நர்ஸ் சொன்னது நடக்கிறது என்று நினைத்தேன். அடங்கிக்கொண்டு வருகிறாள். கஞ்சியும் பாதிதான் இறங்கியது.

ஒரு நாள் மதியம் நல்ல மழை. கப்பல் மேல்தளத்தில் வேலை செய்ய முடியாது என்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். கட்டிலில் அவள் தலைகீழாகக் கிடந்தாள்.

தலை கால்மாட்டுப் பக்கம் வந்திருந்தது. முழுதாக வரவில்லை. முக்கால்வாசி. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. வேலை செய்யாத கால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. தலையணை தரையில். சேலை முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது. நெற்றி முழுதும் வேர்வை. வாதம் வந்த பிறகு அவள் தானாகப் புரண்டு நான் பார்த்ததே இல்லை.

பயந்துபோய் மாக்சிக்கைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"இன்னைக்குமா? தினம் இதே வேலைதான். மதியம் நான் வர்றப்ப சரிஞ்சு கிடப்பா. நான் நேரா தூக்கிப் போட்டுட்டுப் போவேன். இன்னைக்கு மதியமே ஒரு தடவை போட்டாச்சு."

"எங்கிட்ட சொல்லலையே?"

"படுக்கை வழுக்குதுன்னு நெனச்சேன். நீ ஏற்கெனவே களைச்சுப்போய் வர்றவன்."

நானும் அவரும் சேர்ந்து அவளைப் பழையபடி போடப் போனோம். நான் தோளைப் பிடித்தேன். அவள் இடது கையால் என் கையில் அடித்தாள். வலிக்கிற மாதிரி அடித்தாள். பிறகு வாய் திறந்தாள். கொஞ்ச நேரம் காற்றுதான் வந்தது.

"வடக்க... தலை."

நான் தோளை விட்டேன்.

"என்னைய... அனுப்பப் பாக்குறீங்களா."

கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

சாயங்கால வெயில் எங்கள் சமையலறையில் அடிக்கும். அது மேற்கு. எனக்குத் தெரியாததில்லை. பொதுச் சுவர் தெற்கு. அதில் டிவியை மாட்டிக் கட்டிலைத் திருப்பினால் தலை வடக்கே வரும். எங்கள் வீடுகளில் வடக்கே தலை வைத்துச் சின்னப் பிள்ளைகூடப் படுக்காது. ஆயுசு குறையும் என்பார்கள். நானும் மச்சினனும் சுவரைத் தட்டினோம், போல்ட் பார்த்தோம், சத்தம் பார்த்தோம். திசையைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் முன்னால் கட்டில் சரியாக இருந்ததும் என் புத்தியால் இல்லை. ஃபேனுக்குப் பிளக் அந்தப் பக்கம் இருந்தது.

எழுந்திருக்க முடியாத ஒருத்தியைப் புருஷனும் தம்பியும் சேர்ந்து வடக்கே தலை வைத்துக் கிடத்தினால் அவள் என்ன நினைப்பாள். அதைத்தான் நினைத்திருக்கிறாள். அத்தனை நாளும் தானாகத் திரும்பப் பார்த்திருக்கிறாள். மாக்சிக் தினமும் பிடித்துப் பழையபடி போட்டிருக்கிறார்.

"என்ன சொல்றா?" என்று மாக்சிக் கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் தினம் அஞ்சு வேளை அந்தப் பக்கம் பாத்துத் தொழறேன். திசை வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லா."

சொல்லிக்கொண்டே குனிந்து என் மனைவியின் சேலையைச் சரி செய்தார். அப்போதே இரண்டு பேருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, அவளைத் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தோம். அவள் கூரையைப் பார்த்துப் படுத்தாள். இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். கட்டில் பக்கத்தில் குந்தினான்.

"ஏன்க்கா, உன்ன அனுப்பிட்டு நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?"

அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கழற்றினோம். இனி டிவி இருக்க வேண்டியது ஓட்டைக்கல் சுவர்ப் பக்கம். அதில் போல்ட் நிற்காது. பட்டறையில் தகட்டைத் தூக்கி நிறுத்த ஒரு வழி உண்டு. தரைக்கும் கூரைக்கும் நடுவில் குழாயை நிறுத்தி, திருகி முட்டுக் கொடுப்போம். அதையே செய்தேன். சுவரை ஒட்டி இரண்டு குழாய், மேலும் கீழும் ரப்பர், குழாய்களில் பழைய சட்டம். சுவர் அதைத் தாங்க வேண்டியதில்லை. தெற்குச் சுவரில் நான்கு ஓட்டை மிச்சம். சிமெண்ட் வைத்து அடைத்தேன். பெயிண்ட் அடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

டிவியைப் போட்டதும் அவள் பார்த்தாள். மச்சினன் ஆம்பிளிஃபையரைத் திருகினான்.

"கொற" என்றாள்.

"சரிக்கா" என்றான். குறைத்தான். குறைத்த பிறகும் ஒயர்களைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தே வெகுநேரம் நின்றான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. டிவி பார்ப்பாள். பேச மாட்டாள். தண்ணீரா, டீயா என்று கேட்டால் கண்ணைக் காட்டுவாள். எனக்குக் கண்ஜாடை புரிந்துபோகும். புரிந்ததால் அவளுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை.

இதை நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. கோபம் வந்தால்தான் அவளுக்குச் சொல் வருகிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்தால்தான் கோபம் வருகிறது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே சிலதைத் தப்பாகச் செய்தேன். டீயில் சீனி போடாமல் கொடுத்தேன். செய்தி ஓடும்போது எழுந்து போய் சேனலை மாற்றினேன். சேலையை உள்பக்கம் வெளியே வைத்துக் கட்டினேன். அவள் திட்டினாள். ஒரு சொல், இரண்டு சொல். ஒரு நாள் முழுதாக ஒரு வரி. மச்சினனிடமும் மாக்சிக்கிடமும் சொல்லி வைத்தேன். மாக்சிக் அதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

காலையில் கிளம்பும்போது தண்ணீர் டம்ளரை அவளுடைய வலது பக்கம் வைப்பேன். கை எட்டாத பக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பேன். கீழே லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான். திட்டு வந்தால் திரும்பி வந்து இடது பக்கம் மாற்றி வைப்பேன். சில நாள் வராது. அப்போதும் மாற்றி வைத்துவிட்டுத்தான் போவேன்.